‘நானா’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

“என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஆர்ட்டிலரியில் (பீரங்கிப் படை) 24 வருடம் இருந்து 2017 மார்ச்சில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். கார்கில் சண்டை நடந்தபோது திராஸில் இருந்தவர். பிறகு காஷ்மீர் பக்கம் ராஜௌரியில், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்டிரிய ரைபிள்ஸில் இரண்டரை வருடம். அங்கிருந்து 2010 மார்ச்சில் செகந்திராபாத் வந்தார். ஐந்தாவது மாதம் பி.பி. இருக்கிறது என்று மாத்திரை போட ஆரம்பித்தார்கள். ஓய்வு பெறும்போது உடம்பைச் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் 30 சதவீதக் குறைபாடு, ஆயுள் முழுக்க என்று எழுதினார்கள். ஆனால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்று அதில் இருந்தது. அப்போது மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், விட்டுவிட்டோம். வலது காதும் அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. பஸ்ஸில்கூட என்னை இடப்பக்கம்தான் உட்காரச் சொல்வார். இப்போது ஒரு தேங்காய்க் களத்தில் ராத்திரி வாட்ச்மேன். வெள்ளகோவிலில் ஒருவர், ‘நான் வாங்கித் தருகிறேன், வரும் அரியரில் முப்பது சதவீதம் எனக்கு, ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் வெப்சைட்) பாஸ்வேர்டும் கொடுங்கள்’ என்கிறார். என் வீட்டுக்காரரோ, ‘எனக்கென்ன கை கால் போச்சா, பிச்சைக் காசு வேண்டாம்’ என்கிறார். எட்டு வருடம் ஓடிவிட்டது. இனிமேல் கிடைக்குமா? அந்த ஆளிடம் கொடுக்கலாமா?”

அம்மிணி, கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நான் வக்கீலாவதற்கு முன்னால் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். சில வருடம் ஒரு ரெக்கார்ட் ஆபீஸில் (சிப்பாய்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) உட்கார்ந்து இந்த மாதிரி மறுப்புக் கடிதங்களை டைப் அடித்திருக்கிறேன். வாசகம் ஒன்றேதான். நம்பரும் ரேங்கும் பேரும் நோயும் மட்டும் மாறும். இங்கிலீஷில் போகும். வாங்குகிறவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவரும் பார்த்துவிட்டு, ‘இல்லைன்னு எழுதியிருக்காங்க’ என்பார். அதோடு அந்தக் கடிதம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அதற்குள் எவ்வளவு எதிர்வாதம் அடங்கியிருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் ‘Neither Attributable Nor Aggravated’ என்று இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் அதைச் சுருக்கி ‘நானா’ (NANA) என்பார்கள். அந்த நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று அர்த்தம். டிசபிலிட்டி பென்ஷனுக்கு வேண்டியது இரண்டே விஷயம். குறைபாடு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அது பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் கூடியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் விஷயத்தை அவர்களே 30 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதில்தான் ‘நானா’ போட்டு மறித்திருக்கிறார்கள். ஆக, வழக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான். பி.பி. இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கார்’ என்று ஊரில் யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்கவும் வேண்டாம்.

இப்போது நம் கையில் வேண்டியது அந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று பேர். சில பக்கம் வரும். இந்த வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்தத் தாளுக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன்.

ஓரிடத்தில், பணியில் சேருவதற்கு முன்பே இந்தக் குறைபாடு இருந்ததா என்று ஒரு கேள்வி. அநேகமாக எல்லாத் தாளிலும் அதற்கு ‘இல்லை’ என்றுதான் பதில் இருக்கும். இருந்திருந்தால் ஆளையே எடுத்திருக்க மாட்டார்களே. 1993இல் ஓடவைத்து, மார்பளவு எடுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணைக் காதைச் சோதித்துத்தானே சேர்த்தார்கள். கீழே வந்தால் அடுத்த கேள்வி, பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் மோசமானதா? இல்லை. முன்பும் இல்லை, பணியாலும் இல்லை என்றால், 24 வருடமும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்த மனிதனுக்கு அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத இடம் விட்டிருப்பார்கள். அங்கே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில். களப்பணி, உயர்மலை, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகியவற்றோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை.’

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். நீங்கள் சாதாரணமாக எழுதிய ‘ஐந்தாவது மாதம்’தான் உங்கள் வழக்கின் உயிர். ராஜௌரியில் இரண்டரை வருடம். ராத்திரி ரோந்து, பகலில் தேடுதல், எந்த மரத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாத வேலை. அதை முடித்து செகந்திராபாத்தில் இறங்குகிறார். ஐந்து மாதத்தில் பி.பி. தெரியவருகிறது. ரத்த அழுத்தம் வலித்துக்கொண்டு வருகிற நோய் இல்லை. யாராவது கையில் பட்டையைக் கட்டிக் காற்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். முகாமில் வருடாந்தர மெடிக்கலில் பார்த்தார்கள், தெரிந்தது. கண்டுபிடித்த தேதியை நோய் தொடங்கிய தேதி என்று போர்டு எழுதிவிட்டது. நம் வாதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ராணுவ மருத்துவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி நூல் உண்டு. எந்த நோயை எப்போது பணியோடு சேர்க்கலாம் என்று சொல்வது. அவர் ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்தது 2008ஆம் வருட வழிகாட்டி. அதில் ரத்த அழுத்தத்தைப் பற்றிய 43ஆவது பத்தி, களப்பகுதி, உயர்மலை, தீவிரவாத எதிர்ப்புப் பணி, நெடுநாள் கப்பல் பணி ஆகியவற்றில் இருக்கும்போது நோய் வந்தால் அது பணியால் கூடியது என்று ஏற்கலாம் என்கிறது. இது அவர்கள் தங்களுக்கே எழுதி வைத்துக்கொண்டது. ராஜௌரி அந்தப் பட்டியலுக்குள் வருகிறது. இதற்கு முன்னால் திராஸ். ஆனால் போஸ்டிங் விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்டு அறிக்கையை எழுதினார்களா என்பது தாள் கையில் வந்தால்தான் தெரியும்.

யார் நிரூபிக்க வேண்டும் என்பது அடுத்தது. இதில் 2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தரம்வீர் சிங் தீர்ப்பைத்தான் எல்லோரும் கையில் எடுப்போம். சிக்னல்ஸில் இருந்த ஒரு சிப்பாய், வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர். சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடலோடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், பணியோடு தொடர்பில்லை என்று காட்டுவது அரசின் வேலை, சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு, காரணம் சொல்லாமல் போர்டு ‘இல்லை’ என்று எழுதினால் போதாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘அது 1982ஆம் வருடப் பென்ஷன் தகுதி விதிகளை வைத்துச் சொன்னது, இவருக்கு 2008 விதிகள்’ என்பார். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். 2008 விதிகள் கொஞ்சம் இறுக்கமானவைதான், பணியில் இருக்கும்போது நோய் தெரியவந்தது என்பது மட்டும் போதாது என்கின்றன. ஆனால் அதே விதிகளில், கேட்கிறவரிடம் பொதுவாக நிரூபணம் கேட்கப்படாது என்றும் இருக்கிறது. ஓய்வு பெற்று 15 வருடம் தாண்டிக் கேட்டால்தான் சுமை கேட்கிறவர் தோளுக்கு மாறுகிறது. உங்களுக்கு அந்தக் கெடு 2032 வரை இருக்கிறது. (2023 செப்டம்பர் 21க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. இதை வாசிக்கிற மற்றவர்கள் தங்கள் ஓய்வுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இங்கே எழுதுவது எல்லாமே உங்களுக்குப் பொருந்தாது.)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையில் எடை கூடுதல், பீடி சிகரெட், குடி என்று ஏதாவது எழுதியிருந்தால் அதைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள். பரம்பரை என்றுகூட எழுதியிருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கும் பதில் உண்டு. ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வாசிக்கும்போது முதல்முறையாகத் தெரிந்துகொள்ளும் வக்கீலால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

எட்டு வருடம் போனதைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். உரிமை போகவில்லை. பென்ஷன் மாதாமாதம் வரவேண்டியது, ஒவ்வொரு மாதமும் வராமல் இருப்பது தொடர்கிற தவறு, அதனால் தாமதத்தைச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பது 2008இல் உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் எடுத்த நிலை. ஆனால் அதே தீர்ப்பின்படி அரியர், வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். இதைக் கணக்காகப் போட்டால்தான் உறைக்கும்.

நூறு சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் தருவார்கள். புரிவதற்காக அவர் கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். நூறுக்கு 15,000. அவருக்கு 30 சதவீதம் என்பதால் மாதம் 4,500. இங்கே இன்னொரு தீர்ப்பு வருகிறது: 2014 டிசம்பர் 10, ராம் அவதார் வழக்கு. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பதாக, 50 முதல் 75 வரை இருந்தால் எழுபத்தைந்தாக, அதற்கு மேல் நூறாக உயர்த்தித் தருவது நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இல்லை, காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்றார்கள். ஆக 30 என்பது 50 ஆகும். 4,500 என்பது 7,500 ஆகும். அதற்கு மேல் அகவிலைப்படி. மனுவில் இதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு, 30க்கே ஆர்டர் வாங்கி, மறுபடி இன்னொரு வழக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். (20 சதவீதத்துக்குக் கீழே போர்டு எழுதி, காலம் முடித்து வந்தவருக்கு இந்த உயர்த்தல் கிடையாது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.)

மூன்று வருட அரியர், அகவிலைப்படி இல்லாமலே 2,70,000. எட்டு வருடத்துக்கும் சேர்த்து வந்திருக்க வேண்டியது 7,20,000. நாலரை லட்சம் போனது போனதுதான். அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்கு இருந்து நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதம் உதிர்கிறது. ஆடி போகட்டும், தேர் முடியட்டும் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 7,500 ரூபாய்.

செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு மனு. ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸ், நாசிக் ரோடு கேம்ப், அங்கேயுள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை முழுவதும், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள், இடையில் உடல் தகுதியைத் தரம் பிரிக்க நடந்த கேட்டகரி போர்டுகளின் தாள்கள், தேதி வாரியாக எல்லா போஸ்டிங்கும் களமா அமைதியா என்ற குறிப்போடு, பென்ஷன் மறுத்த கடிதத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எல்லா ஆவணமும்’ என்று மொத்தமாகக் கேட்டால் ஏதோ இரண்டு தாளை அனுப்பி முடித்துவிடுவார்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். மருத்துவத் தாள் என்பதால் மனைவி கேட்டாலும் தரத் தயங்குவார்கள். மற்றவர்களும் கவனியுங்கள், ரெக்கார்ட் ஆபீஸ் ஆளுக்கு ஆள் மாறும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் நம் மலைக்கு மேலே வெலிங்டனிலேயே இருக்கிறது. எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சாப்பர் என்றால் பெங்களூர்.

அந்தத் தாள்கள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மறுப்புக் கடிதம் கைவசம் இருக்கிறது அல்லவா? அதை வைத்து முதல் அப்பீலை இப்போதே ஸ்பீட் போஸ்டில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிவிடலாம். தாமதத்துக்குக் காரணம் உள்ளபடி எழுதுங்கள். மாமியார் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் ஒரு நகல் வையுங்கள். காலம் கடந்துவிட்டது என்று திருப்பினால் திருப்பட்டும், அந்தத் திருப்பலே நமக்கு ஒரு கதவு. அதை வைத்துக்கொண்டு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆறு மாதம் பதிலே இல்லாவிட்டாலும் போகலாம். அங்கே மனுவோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும் சேரும். 2007ஆம் வருடச் சட்டத்தில் வந்த தீர்ப்பாயம் அது. ஒரு நீதிபதியும் ஓய்வு பெற்ற ஒரு படை அதிகாரியும் உட்கார்ந்து கேட்பார்கள். ‘ஃபீல்டு’ என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் வீட்டுக்காரர் வர வேண்டியதும் இல்லை. ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்வருவது எங்கள் வேலை.

ஆர்டர் வந்த மறுநாளே பணம் வந்துவிடாது. அரசு மேலே போகலாம். தீர்ப்பாய உத்தரவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வழியும் திறந்திருக்கிறது. ஜெயித்த பிறகும் நிறைவேற்றக் கோரி ஒரு மனு போட வேண்டி வரலாம். இதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள்.

இரண்டு வருடம் முன்பு பவானிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருக்கு எங்கே எப்போது இருந்தோம் என்று தேதி சொல்லத் தெரியவில்லை. ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய பட்டியலில் ஒன்றரை வருடம் அமைதிப் பகுதி என்று இருந்தது. அவருக்கோ அப்போது பனியில் கூடாரத்தில் கிடந்த ஞாபகம். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு இன்லேண்டு லெட்டரை எடுத்தார். ரப்பர் பேண்டு இற்றுப்போய்த் தாளோடு ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முத்திரை, தேதியோடு. மூன்று கடிதத்தில், ‘இங்கே ரொட்டி கல்லாக உறைந்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தார். முத்திரை மட்டும் வழக்கை ஜெயிக்க வைக்காது. ஆனால் பட்டியல் தப்பு என்று எங்களுக்கு உறுதியானது, யூனிட்டின் இடமாற்ற விவரத்தைக் கேட்டு எழுதினோம், திருத்தம் வந்தது. உங்கள் வீட்டிலும் பரண்மேல் தேடிப் பாருங்கள். லீவு சர்டிபிகேட், மணியார்டர் துண்டு, ராஜௌரியில் எடுத்த போட்டோவின் பின்னால் எழுதிய தேதி, எதுவும் குப்பை இல்லை. டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ.வையும் (பென்ஷன் ஆணை) நகல் எடுத்து மூலத்தைத் தனியாக வையுங்கள்.

காதைப் பற்றி. இங்கே நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது போவது ஆச்சரியம் இல்லை. ஆனால் போர்டு அறிக்கையில் காதைப் பற்றி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன், உங்கள் கடிதத்தில் சதவீதம் பி.பி.க்கு மட்டும்தான் இருக்கிறது. அநேகமாக அவரே மறைத்திருப்பார். உடல் தகுதி குறைவு என்று ‘லோ மெடிக்கல்’ போட்டுவிட்டால் ப்ரமோஷன் போகும் என்று பயந்து, முன்னால் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்தவர்கள் எத்தனையோ பேர். பதிவாகாத ஒன்றை இத்தனை வருடம் கழித்துக் கொண்டுவருவது கடினம். பி.பி. வழக்கோடு இதைக் கலந்தால் பலமான வழக்கும் பலவீனமாகிவிடும். ஆர்.டி.ஐ.யில் வரும் தாள்களில் எப்போதாவது காதுக்காக எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறை) போன குறிப்பு இருந்தால் அப்போது தனியாக யோசிப்போம். அதற்காகக் காத்திருக்காமல் கோவையில் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டி, காது கேட்கும் கருவிக்கு எழுதி வாங்குங்கள். அது அவருக்கு ஏற்கெனவே உள்ள வசதி, எந்த வழக்கும் வேண்டாம். ராத்திரிக் காவல் நிற்கிறவருக்குப் பின்னால் வரும் லாரிச் சத்தம் கேட்க வேண்டாமா? இதை முதலில் செய்யுங்கள்.

வெள்ளகோவில்காரர் விஷயம். வழக்கின் முடிவை வைத்துப் பங்கு பேசுவது வக்கீலுக்கே தடை. பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. அவர் வக்கீல் இல்லை என்றால் உங்களுக்காக அங்கே ஆஜராகவும் முடியாது. எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்று பத்திரம் நீட்டினால் பயப்படாதீர்கள். இனி வரப்போகும் பென்ஷன் பணத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்று 1871ஆம் வருடப் பென்ஷன் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. இரண்டையும் யாருக்கும் தராதீர்கள், எனக்கும்கூட. அதை வைத்து வங்கிக் கணக்கு எண்ணையே மாற்றிவிட முடியும். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பணம் இல்லையே என்று அவரிடம் போக வேண்டியதில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அப்பீல் எழுத உதவுவார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேளுங்கள். 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, படைவீரர் குடும்பங்களுக்கென்றே ‘வீர் பரிவார் சகாயதா’ என்ற இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அதன் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

கடைசியாக அவர். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் ‘பிச்சைக் காசு’. டிசபிலிட்டி என்ற சொல்லே அவரைக் குத்துகிறது. கையும் காலும் போனவர்களை அவர் திராஸில் பார்த்திருப்பார். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பி.பி. மாத்திரைக்காகக் கை நீட்டுவதா என்று கூசுகிறார். இந்தக் கூச்சம் நல்ல மனிதர்களுக்குத்தான் வரும், அதை ஏளனம் செய்யாதீர்கள். ஆனால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்: கை போனவருக்கு உள்ள சட்டமும் இவருக்கு உள்ள சட்டமும் ஒன்றுதான், அவர் பங்கிலிருந்து எடுத்து இவருக்குத் தருவதில்லை. சேரும்போது உடம்பை எண்ணி எடுத்துக்கொண்டார்கள், அனுப்பும்போது எது குறைந்ததோ அதற்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். களத்தில் தேங்காயை எண்ணி இறக்கி, பருப்பை எடை போட்டுத்தானே கூலி தருகிறார்கள்? அதை அவர் பிச்சை என்று சொல்வாரா?

ஆர்.டி.ஐ. மனுவையும் அப்பீலையும் மாதிரி எழுதி இத்துடன் தனியே உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் ஒன்று, அனுப்புவதற்கு இங்கிலீஷில் ஒன்று. தமிழில் உள்ளதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், ராஜௌரி தேதிகளை அவர் கையாலேயே நிரப்பட்டும். களத்திலிருந்து காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு பேச்சை எடுங்கள். அவருக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து சொல்லுங்கள்.